பேணித் தண்ணீர்

மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் பத்மாவதி வாயிலிருந்து பல்லைக் கழற்றினாள். கழற்ற முன் மடியில் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டாள். கிணற்றடிச் சீமெந்தில் விழுந்தால் உடைந்துவிடும். உடைந்தால் இன்னொன்று செய்ய வேண்டிய சாமான் இனி யாழ்ப்பாணத்துக்குள் எப்போது வருமோ தெரியாது என்று பல் டொக்டர் மார்கிரட் சொல்லியிருந்தார்.

மேல்வாயில் ஒற்றை முன்பல். அதைத் தாங்க, பெருவிரல் நுனியளவில் இளஞ்சிவப்புத் தட்டு. பக்கத்துப் பற்களைக் கவ்விப் பிடிக்க இரண்டு கம்பிக் கொளுக்கிகள். அவ்வளவுதான்.

சொந்தப் பல் போனது இதே தோட்டத்தில். வாழைக்குட்டி கிளப்பும்போது அலவாங்கு கிழங்கில் வழுக்கி மேலே வந்து வாயில் அடித்தது. இரும்புக்குப் பல் ஒரு கணக்கே இல்லை. இரத்தத்தைத் துப்பிவிட்டு, அன்று பின்னேரம் வரை அவள் வரிசையை முடித்தாள். மாதக்கணக்கில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தித் திரிந்தவள், பிறகுதான் பெரியாசுபத்திரிக்குப் போனாள்.

தட்டைப் பொருத்திக் கொடுத்த அன்று மார்கிரட் டொக்டர் அவளை எதிரே இருத்திச் சொன்னார்.

"சாப்பிட்ட உடனை கழட்டிக் கழுவும். சாம்பல் போட்டு மினுக்காதையும், கீறல் விழும், கீறலுக்கை ஊத்தை பிடிக்கும். கொஞ்சம் சவுக்காரம் காணும். சுடுதண்ணி படக்கூடாது, தட்டு வளைஞ்சுபோம். காயவும் விடாதையும். கழட்டினால் தண்ணிக்கை வையும்."

"படுக்கேக்கை, டொக்டரம்மா?"

"கழட்டிப்போட்டுத்தான் படுக்க வேணும். இது சின்னத் தட்டு. நித்திரையிலை உள்ளுக்கை போச்செண்டால் கம்பி தொண்டையைக் கிழிக்கும். கீழை இறங்கினால் குடலைக் கிழிக்கும். விளங்குதே? விளையாட்டில்லை."

"ஓம்."

"இதுக்கெண்டு மூடியோடை ஒரு தனிப் பேணி வையும். குடிக்கிற பேணியிலை போடாதையும்."

அதற்கும் பத்மாவதி "ஓம்" என்றாள்.

ஆனால் தோட்டத்தில் அவளுக்கு ஒரு பேணிதான். பால்மா வந்த தகரப் பேணி. விளிம்பைக் கல்லால் தட்டி மழுக்கி, வேலிக் கதிகாலில் கொளுவியிருந்தது. காலையில் தோட்டத்து வீட்டுக்காரி சிவக்கொழுந்து அம்மா கேத்திலைத் தூக்கிப் பிடித்து, பேணியில் முட்டாமல், உயரத்திலிருந்து தேத்தண்ணீர் ஊற்றுவாள். வீட்டுக் கோப்பைகள் வீட்டுக்குள். வேலைக்காரரின் பேணி வேலியில். இரண்டாவது பேணி ஒன்றைக் கொண்டுவந்து கொளுவினால், "என்னடி, சீர்வரிசையோ?" என்று கேட்பாள். அதனால் பத்மாவதி தேத்தண்ணீர் குடித்த பேணியை அலசி, அதிலேயே தட்டைப் போட்டு வைத்தாள்.

ஊரில் சவுக்காரம் கிடையாமல் பனங்காய்ச் சாற்றில் உடுப்புத் தோய்த்த காலம் அது. பத்மாவதி ஒரு சவுக்காரத் துண்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் சொருகியிருந்தாள். அதில் பிரஷை ஒருதரம் தேய்த்து, பல்லின் முன்னும் பின்னும், தட்டின் அடியும், கொளுக்கியின் வளைவும் கழுவினாள். பேணியில் பாதிக்குத் தண்ணீர் அள்ளித் தட்டைப் போட்டாள். பல் முரசு, ஈறு, கொஞ்சம் ஆறட்டும். பிறகு மாட்டிக்கொண்டு வாழைக்குள் இறங்கலாம்.

அப்போதுதான் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது.

முதலில் தெற்கே. பிறகு தலைக்கு மேலே. பத்மாவதி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் செத்ததை அவள் கண்டிருக்கிறாள். பேணியைக் கையில் எடுத்து, அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பங்கருக்கு ஓடினாள்.

பங்கர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது. அவள் புருசன் இளையதம்பி வெட்டியது. சுண்ணாம்புக்கல்லை அலவாங்கால் பிளந்து, மேலே பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, ட வடிவில் கட்டியிருந்தான். கூலியோடு ஒரு சொல்லும் கேட்டு வாங்கியிருந்தான். வேலைக்கு வந்த நேரத்தில் பிளேன் வந்தால் தாங்களும் உள்ளே இருக்கலாம் என்று. அவர்களின் குடிசை நின்ற இடத்தில் இரண்டடிக்குக் கீழே பாறை. குத்தி வாங்கவும் வழியில்லை.

உட்பக்கத்தில் பலகை வாங்கு. அதில் தோட்டச் சொந்தக்காரர் சீவரத்தினமும் பெண்சாதி சிவக்கொழுந்தும் ஏற்கெனவே இருந்தார்கள். படிக்குக் கீழே, நிலத்தில், பத்மாவதி குந்தினாள். இளையதம்பி வாழைக்குலை ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போயிருந்தான். சந்தைக்கு அடிக்கிறானோ என்று அவள் சத்தம் போகும் பக்கத்தைக் காதால் தேடினாள்.

"உவன் சுத்துறான்" என்றார் சீவரத்தினம். "போன முறையும் உப்பிடித்தான் சுத்திப்போட்டுப் போட்டவன்."

சொல்லி முடியவில்லை. குண்டு விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. குத்திகளுக்கு நடுவிலிருந்து மண் கொட்டிப் பங்கர் முழுக்கப் புழுதியாய் நிறைந்தது. கண் சரியாகத் தெரியவில்லை. சீவரத்தினம் இருமத் தொடங்கினார். சுருட்டுக் குடித்துக் கெட்ட நெஞ்சு. இருமல் நிற்காமல் மூச்சு இழுத்தது.

"தண்ணி" என்றார். "தண்ணி தா."

"செம்பு குசினியிலை கிடக்கு" என்றாள் சிவக்கொழுந்து. "இந்தக் குண்டுக்கை எப்பிடிப் போறது. பத்மாவதி, உன்ரை கையிலை என்னடி?"

"பேணி, அம்மா."

"தண்ணி கிடக்கே அதுக்கை?"

"கிடக்கு, ஆனா அம்மா, அதுக்கை..."

இரண்டாவது குண்டு விழுந்தது. காது அடைத்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு கை வந்து பேணியைப் பறித்தது.

சீவரத்தினம் அவளுடைய பேணியில் தண்ணீர் குடிப்பார் என்று பத்மாவதி ஒருநாளும் நினைத்ததில்லை. குடித்தார். ஆனால் சாகப்போகும் அந்த அவதியிலும் அவள் பேணி உதட்டில் பட அவர் விடவில்லை. தலையை அண்ணாந்து, பேணியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தண்ணீரை நேரே தொண்டைக்குள் விட்டார். கடகடவென்று போனது. நடுவில் ஒருமுறை விக்கினார். கழுத்தைப் பிடித்தார். மிச்சத்தையும் விட்டு விழுங்கினார்.

"மண்ணாங்கட்டி ஒண்டு உள்ளுக்கை போட்டுது" என்றார். "பேணியைக் கழுவுறதே இல்லையோ நீ?"

பேணி திரும்பி வந்தது. பத்மாவதி விரலை விட்டுத் துழாவினாள். ஈரத் தகரம் மட்டும்தான் இருந்தது.

வாய் வைத்துக் குடித்திருந்தால் தட்டு உதட்டில் முட்டியிருக்கும்.

*

பொம்பர் போன பிறகு ஐயாவும் அம்மாவும் மேலே ஏறினார்கள். பத்மாவதி ஏறவில்லை.

"என்னடி செய்யுறாய் உள்ளுக்கை?"

"கொட்டின மண்ணை அள்ளி விடுறன், அம்மா."

வாங்கின் கீழே படுத்துக்கொண்டு மண்ணைப் பிடிபிடியாய் எடுத்து விரல்களுக்கிடையே வடித்தாள். கல் வந்தது. வேர் வந்தது. பழைய சுருட்டுக் கட்டை ஒன்று வந்தது. பல் வரவில்லை. இருந்த மண்ணைத் திரும்பவும் வடித்தாள். அவருடைய வாயில் போகாமல் தெறித்து விழுந்திருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் முறையும் கல்தான் வந்தது.

பின்னேரம் இளையதம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு குடிசைக்கு வந்தான். உடம்பு முழுசாய், உயிரோடு வந்ததைக் கண்டு அவள் அழுதாள்.

"என்னத்துக்கு இப்ப ஒப்பாரி? நான்தான் வந்திட்டனே. எங்கை உன்ரை பல்லு?"

சொன்னாள். அவன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நிலத்தில் இருந்தான். முதலில் சிரித்தான்.

"உன்ரை பல்லை ஒளிச்சு வைக்க ஊரிலை வேறை இடம் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"சிரியாதேங்கோ. கம்பி கிடக்கு அதிலை. டொக்டரம்மா சொன்னவ. கிழிச்சுப்போடுமாம்."

"வெளியிலை போகும். வாழைப்பழம் நாலு திண்டா எல்லாம் போகும்."

"போகாட்டி?"

இளையதம்பியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வேலிக்கு அப்பால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"இஞ்சேர், வாயைத் திறந்தியோ தெரியும். அந்த மனிசன் உன்ரை பேணியிலை குடிச்சதே தனக்கு வெக்கமெண்டு பெண்சாதியைச் சத்தியம் பண்ண வைச்சிருக்கும். அதுக்கை உன்ரை வாயிலை கிடந்த பல்லைத் திண்டதெண்டால்? என்ரை அப்பு அவையின்ரை கிணத்துக் கயித்திலை கை வைச்சதுக்கு வாங்கின அடி எனக்குத் தெரியும். வேலை போம். பங்கர் போம். அடுத்தமுறை பிளேன் வரேக்கை உன்னையும் என்னையும் வெறும் நிலத்திலை வைச்சுப் பொரிப்பான்."

"ஆள் செத்தா?"

"செத்தா, குண்டு விழுந்த அதிர்ச்சியிலை செத்தவரெண்டு நினைப்பினம். இப்ப ஆர் ஆரைப் பாத்தது."

அப்படிச் சொன்னவன்தான் அன்று சோற்றில் கை வைக்காமல் இருந்தான்.

*

அடுத்த நாள் பத்மாவதி வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். மார்கிரட் டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று வழியில் ஒருமுறை நின்றாள். சொன்னால், 'குடிக்கிற பேணியிலை போடாதையும் எண்டனான் எல்லோ' என்பார். பிறகு ஆள் அனுப்புவார். ஆள் வந்து வாசலில் நின்று ஐயாவிடம் கேட்கும். அதை நினைக்கவே கால் தோட்டப் பக்கம் திரும்பியது.

சீவரத்தினம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். காலையில் இடியப்பம் இறங்கவில்லை என்று பெண்சாதியிடம் சொல்வது கேட்டது.

"இஞ்சை, நடு நெஞ்சிலை, குத்துற மாதிரிக் கிடக்கு."

"புழுதி குடிச்சது. வாய்வு. கஞ்சி வைச்சுத் தாறன்."

பத்மாவதி வாழைக்கு நடுவே குந்தியிருந்து அவர் கழுத்தைப் பார்த்தாள். துப்பல் விழுங்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடினார். குரல்வளை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் களை பிடுங்குவதை நிறுத்தினாள். கொளுக்கி இரண்டும் எப்படி வளைந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினம் பிரஷால் தேய்த்தவள். நுனி கூராய் இருந்து அவள் நாக்கையே கீறியிருக்கிறது.

பின்னேரம் சிவக்கொழுந்து கேத்திலோடு வேலியடிக்கு வந்தாள்.

"பேணியைக் கொண்டாடி. என்ன, வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாய்? பல்லெங்கை?"

"வீட்டிலை, அம்மா. முரசு நோகுது."

"பெரிய ஆக்கள் மாதிரிப் பல்லுக் கட்டினால் உப்பிடித்தான் நோகும்."

உயரத்திலிருந்து தேத்தண்ணீர் விழுந்தது. பத்மாவதியால் அதைக் குடிக்க முடியவில்லை. அம்மா திரும்பியதும் வாழையடியில் ஊற்றினாள்.

வாழைப்பழம் திண்டால் போகும் என்று இளையதம்பி சொன்னதை நம்பி, கனிந்த கதலியாகப் பார்த்து ஒரு சீப்பு வெட்டிக்கொண்டுபோய் விறாந்தை விளிம்பில் வைத்தாள். ஐயாவுக்கு மெதுவாய் இருக்கும் என்றாள். வாழைக்குப் பேர்போன நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரனுக்கு வேலைக்காரி வாழைப்பழம் கொடுக்கிறாளே என்று சிவக்கொழுந்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். சீவரத்தினம் ஒன்றை உரித்து ஒரு கடி கடித்தார். மென்றார். விழுங்கப் பார்த்தார். எழுந்து முற்றத்து ஓரத்துக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

அவர் உள்ளே போன பிறகு முற்றம் கூட்டுகிற சாட்டில் பத்மாவதி அந்த இடத்துக்குப் போனாள். வெள்ளைப் பழச் சக்கையில் சிவப்பு இழை இழையாய் ஓடியிருந்தது. விளக்குமாற்றால் மண்ணை இழுத்து மூடினாள். மூடிய பிறகும் அவளுக்கு அது தெரிந்தது.

அதற்கு மேலும் சொல்லாமல்தான் இருந்தாள். மறுநாள் கஞ்சியும் இறங்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. காய்ச்சல் பிடித்தது. அப்போதும் அவள் வரம்பு கட்டிக்கொண்டுதான் இருந்தாள். மண்வெட்டி தன் பாட்டில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு சாட்டுச் சொன்னாள். இளையதம்பி சொன்னவர். தானாய்ப் போகும். வேறு ஏதும் நோய் வருத்தமாய் இருக்கும். செத்தாலும் என்னாலை எண்டு ஆருக்குத் தெரியும்.

குசினிப் பின்பக்கம் தண்ணீர் வைக்கப் போனபோதுதான் ஆமணக்கெண்ணெய் மணம் வந்தது. சிவக்கொழுந்து சட்டியில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஏதோ தூள்.

"ஆருக்கு, அம்மா?"

"ஐயாவுக்குத்தான். பேதிக்குக் குடுத்தால் உள்ளுக்கை கிடக்கிற ஊத்தையெல்லாம் அடிச்சுக்கொண்டு போயிடும். பரியாரியார் சொன்னவர். கடும் மருந்து. குடலைப் பிரட்டி எடுக்கும்."

பத்மாவதியின் கையிலிருந்த வாளி நிலத்தில் இருந்தது. வைத்தது அவளுக்குத் தெரியாது.

"குடுக்காதேங்கோ."

"என்ன?"

"பேதிக்குக் குடுக்காதேங்கோ, அம்மா."

"நீ ஆரடி எனக்குச் சொல்ல?"

"ஐயாவின்ரை தொண்டைக்கை என்ரை பல்லுக் கிடக்கு."

சிவக்கொழுந்து அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். எண்ணெய் புகைந்தது. பத்மாவதி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேணி, தண்ணீர், இரண்டாவது குண்டு, கம்பி, டொக்டரம்மா சொன்னது. சொல்லும்போது பல் இல்லாத ஓட்டைக்குள்ளால் காற்றுப் போய்ப் பாதிச் சொல் சீறியது.

சிவக்கொழுந்து முதலில் கேட்டது இதுதான்.

"ஆருக்கும் சொன்னியே?"

"இவருக்கு மட்டும்."

"உன்ரை வாயிலை கிடந்தது" என்றாள் சிவக்கொழுந்து. அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "உன்ரை எச்சில் ஊறினது."

சுவருக்கு அப்பால் சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. சீவரத்தினம் குசினி வாசலில் வந்து நின்றார். கேட்டிருக்கிறார். கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். அடிப்பதற்கு வருகிறார் என்று நினைத்துப் பத்மாவதி தோளைச் சுருக்கினாள். அவர் அடிக்கவில்லை. இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டுத் தோண்டினார். ஓங்காளித்தார். இரத்தம்தான் வந்தது.

"தோண்டாதேங்கோ ஐயா, கொளுவிப்போடும்" என்று பத்மாவதி அவர் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் யாருடைய கை என்று விளங்கி, விட்டாள்.

*

பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினை இளையதம்பி ஓட்டினான். மண்ணெண்ணெய் கொஞ்சம் தோட்டத்துக்கென்று ஒளித்து வைத்தது. பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்குப் போட்டுச் சீவரத்தினத்தை இருத்தினார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. சிவக்கொழுந்து பக்கத்தில். பெட்டியின் கடைசி மூலையில் பத்மாவதி. அவள் வரத் தேவையில்லை என்று அவர் கையைக் காட்டினார். அந்தத் தட்டு எந்த மாதிரிக் கிடக்கும் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று சிவக்கொழுந்துதான் ஏற்றினாள்.

ஒவ்வொரு குழிக்கும் அவர் கழுத்தைப் பிடித்தார். ஒவ்வொரு குழிக்கும் இளையதம்பி பின்னுக்குத் திரும்பிப் பார்த்தான்.

இருபாலையைத் தாண்டும்போது ஹெலிச் சத்தம் கேட்டது. ரோட்டில் ஓடுகிற எதையும் சுடுகிற காலம். இளையதம்பி வண்டியை ஒரு புளியமரத்தின் கீழ் இழுத்து நிறுத்தி, மதிலோடு ஒட்டிக்கொண்டான்.

"இறங்குங்கோ, மதிலோடை வாங்கோ."

சிவக்கொழுந்து இறங்கி ஓடினாள். சீவரத்தினத்தால் எழும்ப முடியவில்லை. பத்மாவதி ஒரு காலை வெளியே போட்டாள். ஹெலி தாழ வந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் காலை உள்ளே எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிறகு இளையதம்பி கேட்டபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொலைகாரி என்று ஆகாமல் இருக்க ஒரே வழி அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் என்று அந்த நேரம் பட்டது. ஹெலி யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் திரும்பியது. எங்கோ தூரத்தில் சுட்டது.

ஆசுபத்திரியில் தொண்டை டொக்டர் கேட்டார்.

"என்னத்தை விழுங்கினனீங்கள்?"

சீவரத்தினம் மூச்சைப் பிடித்துச் சொன்னார்.

"என்ரை பல்லுத் தட்டு. நித்திரையிலை உள்ளுக்கை போட்டுது."

டொக்டர் அவர் வாயைத் திறந்து லைற் அடித்துப் பார்த்தார். வெற்றிலைக் காவி படிந்த முன்பற்கள் அத்தனையும் வரிசையாய் நின்றன. டொக்டர் சிவக்கொழுந்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்க அவருக்கு நேரமில்லை. கொளுக்கி எந்தப் பக்கம் என்று தெரியாமல் இழுத்தால் தொண்டை கிழியும் என்று சொல்லி, பல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்.

மார்கிரட் டொக்டர் வந்தார். வாசலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி நின்ற பத்மாவதியைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பினார்.

"உம்மடை தட்டெங்கை?"

பத்மாவதி உள்ளே கண்ணைக் காட்டினாள். மார்கிரட் டொக்டர் உள்ளே இருந்தவரைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"குடிக்கிற பேணியோ?"

பத்மாவதி தலையைக் குனிந்தாள்.

"அவர் தன்ரை எண்டெல்லோ சொல்லுறாராம்."

"அவர் சொன்னபடியே இருக்கட்டும், டொக்டரம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

மார்கிரட் டொக்டர் உள்ளே போனார். கதவு மூடியது. ஜெனரேற்றர் இரைந்தது. இளையதம்பி வெளியே வண்டியடியில் நின்று பீடி பற்றவைத்தான், அணைத்தான், திரும்பப் பற்றவைத்தான். சிவக்கொழுந்து வாங்கில் இருந்தாள். பத்மாவதி நிலத்தில் இருந்தாள். ஒருமுறை மட்டும் சிவக்கொழுந்து நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமெல்லோ."

"சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பியளோ, அம்மா?"

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தட்டை எடுத்துவிட்டார்கள். ஆள் தப்பினார். தொண்டையில் புண். குரல் கரகரத்தது. வீட்டுக்கு விடும் நாளில் நேர்ஸ் மிஸி ஒருத்தி ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே தண்ணீரில் பல் கிடந்தது.

"இந்தாங்கோ ஐயா, உங்கடை தட்டு. இனிமேல் படுக்கேக்கை கழட்டி வையுங்கோ."

"ஓம்" என்றார் சீவரத்தினம்.

நீர்வேலி வரும்வரை அந்தப் போத்தலை அவர் சால்வைக்குள் பிடித்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது அதைப் பெட்டியின் வைக்கோலில் விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனார். வைக்கோலைத் தட்டும்போது இளையதம்பி எடுத்தான்.

*

பத்மாவதியால் அதை வாயில் வைக்க முடியவில்லை. சவுக்காரத் துண்டு கரைந்து தீரும்வரை கழுவினாள். உப்புத் தண்ணீரில் போட்டாள். திரும்பக் கழுவினாள். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகும்போது பழச் சக்கையும் சிவப்பு இழையும் ஞாபகம் வந்து ஓங்காளித்தாள்.

"அவிச்செடன்" என்றான் இளையதம்பி.

"அவிச்சா வளைஞ்சுபோம்."

"அவை உன்ரை எச்சிலுக்கு அரியண்டப்பட்டினம். இப்ப நீ அவையின்ரை எச்சிலுக்கு. நல்ல வடிவாய்த்தான் கிடக்கு."

"உங்கடை வாயிலையெண்டால் வைப்பியளோ?"

அவன் யோசித்தான். "மாட்டன்" என்றான்.

தட்டு காயக்கூடாது என்பதால் பேணித் தண்ணீரிலேயே கிடந்தது. காலையில் தண்ணீர் மாற்றினாள். குடிசையில் விட்டால் எலி இழுத்துப் போகும் என்று தோட்டத்துக்கும் பேணியோடு கொண்டுபோனாள்.

வேலையை அவர்கள் நிறுத்தவில்லை. அதுதான் இளையதம்பிக்கு இன்னும் பயமாய் இருந்தது. நிறுத்தினால் சந்தையில் கதைப்பாள் என்று அவர்களுக்குப் பயம். கதைத்தால் நிறுத்துவார்கள் என்று இவர்களுக்குப் பயம். சிவக்கொழுந்து இப்போது வேலியடிக்குக் கேத்தில் கொண்டுவருவதில்லை. சீவரத்தினம் விறாந்தையில் இருந்தால் பத்மாவதி இருக்கும் வரிசையைப் பாராமல் அடுத்த வரிசையைப் பார்த்துத்தான் வேலை சொல்வார். பங்கர் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பிளேன் வரும் அன்றைக்குத்தான் தெரியும் என்று பத்மாவதி நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலியைத் தாண்டினாள்.

வந்தது ஒரு மத்தியானம். இரண்டு பொம்பர். இளையதம்பி தோட்டத்தின் மறுகரையில் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவன், ஓடிவரத் தூரமென்று கண்டு வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தான். பத்மாவதி பேணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தண்ணீர் அலம்பி மணிக்கட்டில் வழிந்தது.

சிவக்கொழுந்து பங்கர்ப் படியில் பாதியில் நின்றாள். அவளுக்குப் பின்னால், இருட்டில், சீவரத்தினம் வாங்கில் இருப்பது தெரிந்தது. சிவக்கொழுந்து வழியை விடவில்லை. வானம் கிழிவதுபோல் சத்தம் தாழ்ந்து வந்தது. பத்மாவதி கெஞ்சவில்லை. கெஞ்சினால் பல்லில்லாத வாய் தெரியும் என்றுகூட அந்த நேரம் நினைத்தாள்.

"பேணியை வெளியிலை வைச்சிட்டு வா" என்றாள் சிவக்கொழுந்து.

பத்மாவதி பேணிக்குள் கையை விட்டாள். தட்டை எடுத்து ஒருமுறை உதறினாள். வெளியே விட்டால் மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். கம்பிகள் கவ்வின. தட்டு குளிர்ந்திருந்தது. பாதித் தண்ணீரோடு பேணியைப் படியின் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினாள்.

முதல் குண்டு வாழைக்குள் விழுந்தது. இளையதம்பி கிடந்த பக்கமா, மற்றப் பக்கமா என்று அவளால் நிதானிக்க முடியவில்லை. மண் கொட்டியது. புழுதி நிறைந்தது. வாங்கிலிருந்து இருமல் தொடங்கியது. ஆறாத தொண்டை. இருமல் மூச்சை இழுத்து இழுத்து வந்தது.

"தண்ணி கொண்டந்தனியே?" என்று அவர் பெண்சாதியிடம் கேட்டார்.

"செம்பு குசினியிலை."

அவர் திரும்பவும் இருமினார். படிப்பக்கம் யாரும் பார்க்கவில்லை. மேலே, வெளிச்சத்தில், தகரப் பேணி கிடுகிடுவென்று நடுங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது பொம்பர் திரும்பி வந்துகொண்டிருந்தது. பத்மாவதி வாயை இறுக மூடி, நாக்கால் தட்டை மேல்வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.